ஜன்னல் துவாரத்தில் ஒரு கை

"ஒரு சுண்டு விரலுக்கு மூணு கட்டுக் காகிதமா! முழு ஆளும் போயிருந்தா தனியா ஒரு கட்டடமே கட்டியிருப்பாங்க போலிருக்கே சார்," என்றாள் பட்டாசு.

"முழு ஆளும் போயிருந்தா ஒரே ஒரு தாள். 'போனான்'னு எழுதி மூடியிருப்பாங்க," என்றார் கோந்து. "அரசாங்கத்துக்குச் சந்தேகமெல்லாம் பாதியாத் திரும்பி வந்தவன் மேலதான்."

ராணுவ ஓய்வூதிய ஆவணக் காப்பகத்தின் படிப்பறை அது. பேனாவுக்கு அங்கே தடை. பென்சில் மட்டும் கொண்டுபோகலாம். மின்விசிறிக்கும் தடை, காகிதம் பறக்குமாம். மூச்சு விடுவதற்கு இன்னும் தடை வரவில்லை என்றாலும், மூலையில் உட்கார்ந்திருந்த காப்பாளர் அதையும் அவ்வளவாக விரும்பவில்லை என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

கோந்து முன்பு ஆயுள் காப்பீட்டில் இருந்தவர். செத்ததாகச் சொல்லப்படுகிறவர் உண்மையிலேயே செத்தாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் உத்தியோகம். பிடித்ததை விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டாசு வானொலியில் செய்தி வாசித்தவள். அமைச்சர் ஒருவரின் சாதனைகளை வாசிக்கும்போது சிரித்துவிட்டாள். அன்று மாலையே வேலை போய்விட்டது.

இப்போது இருவரும் சேர்ந்து துப்பறிகிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவள் அவர்களைத் தேடி வந்த வாடிக்கையாளர். ஊரில் அவளை 'டிரைவிங் ஸ்கூல் அக்கா' என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எது வந்து மோதினாலும் பதறாத முகம் அவளுக்கு. இன்றைக்கு அந்த முகத்தில் கொஞ்சம் பதற்றம் இருந்தது.

காரணம் இது. அவளுடைய கொள்ளுத்தாத்தா இளவயதில் மனைவியோடு கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். இங்கே ராணுவத்தில் சேர்ந்து சண்டைக்குப் போனார், திரும்பி வந்து பிள்ளைகளைப் பெற்றார், ஒரு வீட்டையும் சம்பாதித்தார். குடும்பம் அவரைக் 'கப்பல் தாத்தா' என்று கொண்டாடுகிறது. கொள்ளுப்பாட்டி மட்டும் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருநாள் ஓடிப்போனாளாம். வீட்டுக் கூடத்தில் கப்பல் தாத்தா தன் கைப்பட எழுதிய வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது: 'கணவனை விட்டு ஓடியவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை. அவளைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது.'

டிரைவிங் ஸ்கூல் அக்காவும் கணவனை விட்டு வந்தவள்தான். இரண்டு வருடமாகக் குடும்ப வீட்டின் மாடி அறைகளில் இருக்கிறாள். குடும்பச் சங்கத்தின் தலைவர் அவளுடைய பெரியப்பா. மெத்தைக் கடை வைத்திருந்தவர், சிப்பாயாகக்கூட இருந்ததில்லை, ஆனாலும் எல்லோரும் அவரை 'கர்னல்' என்பார்கள், அவரும் மறுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிநிரலை அவரே தயாரித்திருந்தார். பத்து மணிக்குக் கப்பல் தாத்தாவின் சிலை திறப்பு. பதினொரு மணிக்கு அக்காவை வீட்டைவிட்டு வெளியேற்றும் தீர்மானம். அப்புறம் சாப்பாடு.

"தாத்தா எழுதின சட்டம், மீற முடியாதுன்னு சொல்றார் சார்," என்றாள் அக்கா. "அந்தம்மா ஏன் ஓடினாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. அவங்க பக்கம் ஒரு நியாயம் இருந்தாப் போதும். மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

"ஓடினவங்களைத் தேட ஓடாதவரோட பென்ஷன் கட்டா?" என்று கேட்டாள் பட்டாசு.

"ஓடினவங்களைப் பத்தி யாரும் எழுதி வைக்க மாட்டாங்க. பென்ஷன் வாங்கினவன் வீட்டுல எலி செத்தாக்கூட எழுதி வெச்சிருப்பாங்க," என்று சொல்லி, கோந்து முதல் கட்டின் நாடாவை அவிழ்த்தார்.

ஊனமுற்ற சிப்பாய்க்கு ஓய்வூதியம் எப்படி நடந்தது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு விகிதம் இருந்தது. கண்ணுக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு, கட்டை விரலுக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல். அதில் சுண்டு விரல் கடைசிக்கு முந்தியது; அதற்கும் கீழே பல் மட்டும்தான். கொடுப்பதற்குமுன் அலுவலகம் இரண்டு கேள்விகள் கேட்கும். இது சண்டையில் போனதா? இன்னும் போனபடியேதான் இருக்கிறதா? முதல் கேள்வியை ஒருமுறை கேட்டால் போதும். இரண்டாவதை வருடா வருடம் கேட்டார்கள்.

முதல் கேள்விக்கே இங்கே மூன்று வருடம் ஆகியிருந்தது.

"கர்னல் என்ன சொன்னார்?" என்றார் கோந்து, காகிதத்திலிருந்து தலை தூக்காமல்.

"குதிரை மேல இருந்து வாள் சண்டை போட்டப்ப விரல் போச்சுன்னார். சிலையும் அப்படித்தான். குதிரை, வாள், எல்லாம்," என்றாள் அக்கா.

"உங்க தாத்தா வேலை பார்த்தது மூட்டை தூக்கும் பிரிவுல. கோவேறு கழுதை மேய்ச்சிருக்கார். விரலைக் கடிச்சதும் அதுதான்."

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள். காப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"கழுதை நம்ம பக்கத்துக் கழுதைங்கறதால இது போர்க்காயமான்னு மூணு வருஷம் விசாரிச்சிருக்காங்க," என்றார் கோந்து. "எதிரிக் கழுதை கடிச்சிருந்தா அடுத்த மாசமே பணம் வந்திருக்கும்."

"கழுதையைச் சாட்சிக்குக் கூப்பிட்டாங்களா சார்?"

"கூப்பிட்டிருக்காங்க. இறந்துடுச்சுன்னு பதில் வந்திருக்கு."

இரண்டாவது கட்டில்தான் அந்தக் கைகள் இருந்தன. தாளுக்கு ஒரு கை, வருடத்துக்கு ஒரு தாள். ஓய்வூதியக்காரர் இடது கையைக் காகிதத்தின்மேல் விரித்து வைக்க, எழுத்தர் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்: 'விரல் முளைக்கவில்லை.'

"முளைக்குமா?" என்றாள் பட்டாசு.

"முளைச்சிடுச்சுன்னா கணக்குத் தணிக்கையில யார் பதில் சொல்றது?"

இந்தத் தாள்களோடு ஒரு சுற்றறிக்கையும் தைக்கப்பட்டிருந்தது. ஒரு கால் போன சிப்பாய் ஒருவர், 'அடுத்த வருடமும் வந்து கால் இல்லை என்று காட்டு' என்று சொன்ன எழுத்தரை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கிறார். மறுவாரமே அலுவலக ஜன்னலைப் பலகையால் அடைத்துவிட்டு, கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் மட்டும் விட்டார்கள். கால் இழந்தவர்களுக்காகக் கீழே இன்னொரு துவாரம். முகம் தேவையில்லை, ஏனென்றால் முகத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. இதனால் எழுத்தரின் கன்னம் காப்பாற்றப்பட்டது.

கோந்து இரண்டு தாள்களைத் தனியாக எடுத்து வைத்தார்.

"முதல்ல இந்த மருத்துவர் குறிப்பு. 'விரல் இல்லை. இருமலில் ரத்தம் வருகிறது. விரலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆகவே நமக்குச் சம்பந்தமில்லை.' அடுத்தது தாத்தா கொடுத்த மனு. தனக்கு அப்புறம் மனைவிக்குப் பென்ஷன் வருமான்னு கேக்கறார்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பதில்?"

"கல்யாணத்தை நேர்ல பார்த்த ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து ஜன்னல்ல நிறுத்தணுமாம்."

"கல்யாணம் கடலுக்கு அந்தப் பக்கம்ல நடந்தது!"

"அதையும் எழுதியிருக்கார். 'அது மனுதாரரின் சௌகரியக் குறைவு'ன்னு பதில் வந்திருக்கு. மனைவின்னு ஒருத்தி இருக்கறதா அலுவலகம் ஏத்துக்கலை."

பட்டாசு கைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவள் சட்டென்று நின்றாள். ஒரு தாளுக்குத் திரும்பிப் போனாள். மறுபடி முன்னால் வந்தாள்.

"சார், இருமல்ல உடம்பு இளைக்கும். எலும்புமா இளைக்கும்?"

அவள் இரண்டு வருடத்துக் கைகளை மெல்லிய தாளில் படியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளிச்சம் பட்டதும் தெளிவாகத் தெரிந்தது. மனு கொடுத்த வருடத்துக் கைக்குள்ளே அடுத்த வருடத்துக் கை, பெரிய சட்டைக்குள் சின்ன ஆள் மாதிரி, தாராளமாக அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லா வருடத்துக்கும் அதே சின்னக் கை. ஒவ்வொன்றின் கீழும் 'விரல் முளைக்கவில்லை.' கை சுருங்கியதை யாரும் கவனிக்கவில்லை. விரலைப் பார் என்றுதான் விதி. கையைப் பார் என்று இல்லை.

கோந்துவின் குரல் இறங்கியது. "உங்க தாத்தா அந்த வருஷத்துலயே போயிட்டார்மா. அவர் பேர்ல வேற ஒருத்தர் கையை நீட்டியிருக்கார். விரல் போன இன்னொரு சிப்பாயா இருக்கலாம். கூட்டாளி."

"அப்போ அந்தம்மா..." அக்கா முடிக்கவில்லை. பிறகு தானே முடித்தாள். "அந்தாளோட போயிட்டாங்கன்னுதான் ஆகும். பெரியப்பாவுக்கு இதைவிட என்ன வேணும்? பதினொரு மணித் தீர்மானத்தைப் பத்து மணிக்கே வெச்சுக்குவார்."

கோந்து தாள்களை அடுக்கத் தொடங்கினார். காப்பாளர் இருக்கையில் அசையாமல் இருந்தார்; தூங்கியிருக்கலாம்.

பட்டாசு மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "சார், இந்த ஓரத்தைப் பாருங்க. பழைய கையில விரல் இருந்த இடம் சரிவா, வழவழன்னு இறங்குது. புதுக் கையில அதே இடத்துல ஒரு புடைப்பு. கழுதை வேற மாதிரிக் கடிச்சிருக்குமோ?"

சொல்லிக்கொண்டே அவள் தன் இடது சுண்டு விரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்கி, ஒரு காகிதத்தின்மேல் கையை வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தாள். கையை எடுத்தாள். ஓரத்தில் அதே புடைப்பு.

விரலை மடக்கினால் கணு வெளியே தள்ளும். போன விரலுக்குக் கணு கிடையாது.

"விரல் போகவே இல்லை," என்றார் கோந்து மெதுவாக. "மடக்கியிருக்காங்க."

"அப்போ சிப்பாயா இருக்கணும்னு அவசியம் இல்லையே சார். ஆம்பிளையா இருக்கணும்னும்."

அக்கா எழுந்து வந்தாள். பட்டாசுவிடமிருந்து படியெடுத்த தாளை வாங்கி மேஜையில் விரித்தாள். தன் இடது கையின் சுண்டு விரலை மடக்கி, அந்தக் கோட்டுக்குள் வைத்தாள். கட்டை விரலின் வளைவும் நடு விரலின் நுனியும் ஓரத்துப் புடைப்பும் அச்சு அசலாகப் பொருந்தின. அவள் கையை எடுக்கவே இல்லை.

"பின்னாடி இன்னொரு தாள் இருக்கு," என்றார் கோந்து. காப்பீட்டில் இருந்த காலத்தில் சாவு வீட்டு வாசலில் நின்று பேசிய குரல் அது. "கை மாறின அதே வருஷம் முகவரி மாத்தக் கேட்டு விண்ணப்பம். ஊரோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு. இப்ப நீங்க இருக்கற வீடுதான். அங்கே யாருக்கும் தாத்தாவை முன்னப் பின்னத் தெரியாது. ராணுவக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு யார் போய் இறங்கினாலும் அவங்கதான் தாத்தா."

"ஆனா ஏன் ஓடிட்டாங்கன்னு..."

"யோசிச்சுப் பாருங்கம்மா. ரெண்டு பேரு, ஒரு உடம்பு. தெருவுல ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் பார்க்க முடியும். மனைவி எங்கேன்னு நாலு பேர் கேப்பாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் காணாமப் போயே ஆகணும். செத்தவருக்குப் பென்ஷன் இருந்தது. ஆம்பிளைக் கூலியும் கிடைச்சது. உயிரோட இருந்தவங்களுக்கு ஒண்ணும் இல்லை, மனைவிங்கற பேர்கூட இல்லை. அதனால செத்தவரை இருக்க வெச்சிட்டு, இருந்தவங்க ஓடிட்டாங்க."

"ஒரு அடிகூட நகராம," என்றாள் பட்டாசு. இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

கட்டின் கடைசித் தாளில் கை இல்லை. வெறும் காகிதம், கீழே எழுத்தரின் குறிப்பு: 'ஓய்வூதியர் வரவில்லை. விரலின் நிலை தெரியவில்லை.' இறப்பைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. அரசாங்கக் கணக்கில் கப்பல் தாத்தா இன்றும் உயிரோடுதான் இருந்தார். கையைக் காட்டத்தான் கொஞ்சம் தாமதம். உண்மையான கப்பல் தாத்தாவைக் கொள்ளுப்பாட்டி எந்த மண்ணில், எந்தப் பெயரில் புதைத்தாள் என்பது அந்தக் கட்டில் இல்லை. கோந்து அதைத் தன் பென்சிலால் தனியாகக் குறித்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குக் குடும்ப வீட்டுக் கூடத்தில், கர்னல் மூன்று தடவை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று தடவை உட்கார்ந்தார். முதல் தடவை கழுதைக்காக.

"கழுதையா? குதிரைக்கு முன்பணம் கொடுத்தாச்சேய்யா!"

இரண்டாவது தடவை கைக்காக. மூன்றாவது, சட்டத்துக்குள் தொங்கிய வாசகத்தின் தேதியைக் கோந்து காட்டியபோது. கை மாறிய மறுவருடத்துத் தேதி.

"இது தாத்தா எழுதினது இல்லீங்க. ஓடினதாச் சொல்றீங்களே, அவங்க எழுதினது. தன்னைப் பத்தித்தான். தெருவுல கேக்கறவங்க வாயை அடைக்கறதுக்கு. எழுதிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துக்கிட்டிருப்பாங்க."

"இந்த வீட்டுல இடமில்லைன்னு எழுதின சட்டத்தை, எழுதின அன்னிக்கே மீறினவங்க," என்றாள் பட்டாசு. "கர்னல் சார், நீங்க யாரை வெளியேத்தறதா இருந்தாலும் அவங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும்."

கர்னல் திரும்பிக்கொண்டார். சுவரில் இருந்த புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கப்பல் தாத்தாவுக்கு இருந்த ஒரே படம் அது. ராணுவக் கோட்டு, காதுவரை இறங்கிய தொப்பி, மூக்குவரை சுற்றிய கம்பளித் துண்டு. நடுவில் இரண்டு கண்கள் மட்டும். இதைப் பார்த்துத்தான் சிலை செய்யக் கொடுத்திருந்தார்.

"எங்கப்பா சாகற அன்னிக்கு," என்று ஆரம்பித்தார்.  "இந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்து 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டார். புத்தி பிசகிடுச்சுன்னு நான் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்."

 ஆனால் கர்னல் சங்கத் தலைவர். நீண்ட நேரம் மகனாக இருக்க அவரால் முடியவில்லை. குரலைத் தாழ்த்தி அக்கா பக்கம் குனிந்தார்.

"இதோ பாரு. வெளியே தெரிஞ்சா சந்தி சிரிக்கும். அரசாங்கம் அத்தனை வருஷப் பென்ஷனையும் வட்டியோட கேக்கும்."

"சுண்டு விரலுக்கான வட்டிதானே கர்னல் சார், தாங்கும்," என்றாள் பட்டாசு.

கர்னல் அவளைக் கவனிக்காமல் தொடர்ந்தார். "தீர்மானத்தை எடுத்துடறேன். நீ மாடியிலேயே இரு, எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. இது மட்டும் வெளியே போக வேண்டாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவள் கேட்க வந்தது அந்த மாடி அறைகளைத்தான். இப்போது சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோந்து அவள் முகத்தைப் பார்த்தார். காலையில் இருந்த பதற்றம் அதில் இல்லை.

"அவங்களும் இப்படித்தானே இருந்தாங்க பெரியப்பா," என்றாள். "மாடியில இரு, ஆனா நீ யாருன்னு சொல்லாதே. அவங்களுக்கு மூணு பிள்ளைங்க இருந்தது, வேற வழியில்லை, ஒத்துக்கிட்டாங்க. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்கு வருவேன். அவங்க யாருன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் பூட்டு மாத்தறதா இருந்தா மாத்திக்கங்க. என் சாமானை நானே இறக்கி வெச்சிட்டுப் போறேன்."

"உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி."

"ஆமா. யார்கிட்டயிருந்து வந்ததுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

கர்னலின் சட்டைப் பையில் தொலைபேசி மணி அடித்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தடுமாறி எதையோ அழுத்தினார். சிற்பியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, வணக்கங்க. முகம் முடிக்கணும், களிமண் காயுது. நீங்க கொடுத்த படத்துல பாதி முகம் துணிக்குள்ள இருக்கு. மீசையை மேல முறுக்கி வைக்கவா, கீழ இறக்கவா?"

கர்னல் வாயைத் திறந்தார்.  படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த இரண்டு கண்களும் அவரையே பார்த்தன. பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.  பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ப்பா," என்றார் கர்னல். "மீசை வேண்டாம்."

"வேண்டாமுங்களா? பெரிய வீரர்னு சொன்னீங்களே?"

"வீரர்தான்," என்றார் கர்னல்.  "மீசை வேண்டாம்."